ஒரே யானைக் கூட்டம், இரண்டு தொகை: இழப்பீட்டில் பொறுப்புக்கூறல் என்றால் என்ன?

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் காட்டோர ஊர்களில் ஐப்பசி பிறந்துவிட்டால் ராகிக் கொல்லைகளில் காவலுக்குப் பரண் கட்டிவிடுவார்கள். கதிர் முற்றும் நேரம் பார்த்துத்தான் கர்நாடகக் காடுகளிலிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் இறங்கும். என் பெரியம்மாவின் கொல்லை அப்படியோர் ஊரில் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு கூட்டம் வந்துவிட்டது. விடிந்து போய்ப் பார்த்தால், பெரியம்மாவின் கொல்லையும் வரப்புக்கு அந்தப் பக்கத்துக் கொல்லையும் பாய் விரித்ததுபோல் படுத்துக் கிடந்தன. ஈர மண்ணில் முறத்தளவு கால்தடங்கள் வரப்பைத் தாண்டிப் போயிருந்தன. இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு சேதம்.

இரண்டு பேரும் மனு கொடுத்தார்கள். ஒரே நாளில் ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனார். சில மாதம் கழித்து வங்கிக் கணக்கில் பணம் ஏறியது. பக்கத்துக் கொல்லைக்காரருக்கு வந்ததில் மூன்றில் ஒரு பங்குதான் பெரியம்மாவுக்கு வந்திருந்தது. அலுவலகத்தில் போய்க் கேட்டதற்கு, "மேலே போட்டது அவ்வளவுதான் அம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பெரியம்மா அதற்கு மேல் கேட்கவில்லை. "யானை தின்றதற்கு சர்க்கார் கொடுப்பதே பெரிது, விடு" என்றார் என்னிடம்.

அந்தச் சொல் எனக்குப் பல நாள் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. அரசு தருவது தானமா? தானம் என்றால் கொடுப்பவர் மனம்போல் கொடுக்கலாம். ஒருவருக்கு மரக்காலாலும் இன்னொருவருக்கு உழக்காலும் அளக்கலாம்; வாங்குகிறவருக்குக் கேட்க வாயில்லை. ஆனால் இது பொதுப்பணம். யாருக்கு, எந்தச் சேதத்துக்கு, எவ்வளவு என்று விதி வகுத்து எடுத்துக் கொடுக்கிறார்கள். விதி இருக்கும் இடத்தில் "எனக்கு ஏன் இவ்வளவு?" என்று கேட்க உரிமை இருக்கிறது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டிய கடமைக்குப் பெயர்தான் பொறுப்புக்கூறல்.

பெயர்தான் புதிது, சங்கதி நமக்குப் பழையது. மாரியம்மன் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடுகிறார்கள். திருவிழா முடிந்ததும் கோயில் முன்னால் உட்கார்ந்து கணக்குப் படிக்கிறார்கள்: பந்தலுக்கு இவ்வளவு, மேளத்துக்கு இவ்வளவு, கூத்துக்கு இவ்வளவு. "போன வருடப் பந்தல் இதைவிடப் பெரியது, இந்த வருடம் காசு ஏன் கூடியது?" என்று வரி கொடுத்த யாரும் எழுந்து கேட்கலாம். நோட்டு வைத்திருப்பவர் ரசீதை எடுத்து நீட்ட வேண்டும். கணக்கு இடித்தால் கைக்காசைப் போட்டு நேர் செய்ய வேண்டும். அடுத்த வருடம் நோட்டு வேறொருவர் கைக்குப் போய்விடும். காரணம் சொல்வது, அதற்குச் சீட்டுக் காட்டுவது, தவறினால் அதன் பலனைச் சுமப்பது. ஊர்ப் பணத்துக்கு நாம் கேட்கும் இந்த மூன்றையும் அரசுப் பணத்துக்குக் கேட்பதில் புதுமை எதுவும் இல்லை.

அலுவலகக் கடிதங்களில் மூன்று சொற்கள் வரும். இழப்பீடு என்பது சட்டப்படி உங்களுக்குச் சேர வேண்டியது. சாலைக்கு நிலம் எடுத்தால் அதன் விலை அந்த வகை. நிவாரணம் என்பது வெள்ளம், வறட்சி போன்ற பேரிடரில் தாங்கிப் பிடிக்கக் கொடுப்பது. கருணைத் தொகை என்பது அரசு தானாக அறிவித்துக் கொடுப்பது. இந்த மூன்றாவது பெயரைப் பார்த்ததும் பலர் வாயை மூடிக்கொள்கிறார்கள். கருணைக்குக் கணக்குக் கேட்கலாமா என்ற கூச்சம். கேட்கலாம். அரசு எதைக் கொடுத்தாலும் ஆளுக்கொரு நியாயமாகக் கொடுக்க முடியாது. தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளராக இருந்த ஈ.பி. ராயப்பா தொடர்ந்த வழக்கில் 1974-இல் உச்ச நீதிமன்றம், சமத்துவமும் தன்னிச்சைப் போக்கும் ஒன்றுக்கொன்று ஜென்மப் பகை என்று சொன்னது. அந்த வழக்கு ஓர் அதிகாரியின் பதவி மாற்றம் பற்றியது. அதில் பிறந்த கோட்பாடு இன்று ராகிக் கொல்லை வரைக்கும் வருகிறது. அரசமைப்புச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு, ஒரே நிலையில் இருப்பவர்களை ஒரே மாதிரி நடத்தச் சொல்கிறது. ஒரே இரவில், ஒரே கூட்டம் மிதித்த இரண்டு கொல்லைகளுக்கு இரண்டு அளவுகோல் என்றால் அதற்குக் காரணம் சொல்லியாக வேண்டும்.

கருணைத் தொகையையும் தட்டிக் கேட்கலாம் என்பதற்குக் கொரோனா காலமே சாட்சி. இறந்தவர்களின் குடும்பத்துக்குக் கருணைத் தொகை தருவதற்கு வழிமுறை வகுக்க வேண்டும் என்று 2021 ஜூன் 30 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. தலா 50,000 ரூபாய் என்று முடிவானது. அடுத்து சான்றிதழில் சிக்கல் வந்தது. கொரோனா தொற்றோடு மருத்துவமனையில் கிடந்து இறந்தவரின் சான்றிதழில் 'மூச்சுத்திணறல்' என்றோ 'மாரடைப்பு' என்றோ எழுதியிருந்தால் அந்தக் குடும்பம் என்ன செய்யும்? இறப்புச் சான்றிதழில் கொரோனா என்று இல்லை என்ற ஒரே காரணத்துக்காக எந்த மாநிலமும் தொகையை மறுக்கக் கூடாது என்று அதே ஆண்டு அக்டோபர் 4 அன்று நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. மறுக்கப்பட்டவர்கள் முறையிட மாவட்டந்தோறும் குழு இருக்க வேண்டும், அந்தக் குழு மருத்துவமனையிடமிருந்து நேரடியாக ஆவணத்தை வரவழைக்கலாம் என்றும் வழி செய்தது.

அந்தக் கடைசி ஏற்பாடு எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. இழப்பீட்டுத் திட்டங்களில் அநியாயம் பெரும்பாலும் லஞ்சமாகவோ பகையாகவோ வருவதில்லை. "ஆதாரம் கொண்டு வா" என்ற மூன்று சொல்லில் வருகிறது. ஆதாரம் யார் பெட்டியில் இருக்கிறது என்று பாருங்கள். எந்தப் புல எண்ணில் என்ன பயிர், எத்தனை சென்ட் என்பது அடங்கலில் இருக்கும்; அடங்கல் கிராம நிர்வாக அலுவலர் கையில் இருக்கும். சேதத்தை அளந்த அறிக்கை அலுவலகக் கோப்பில் இருக்கும். மருத்துவக் குறிப்பு மருத்துவமனையில் இருக்கும். தன் பீரோவில் இருக்கும் காகிதத்தை எதிரில் கைகட்டி நிற்பவரிடம் கேட்பது நியாயமான விசாரணை ஆகாது.

இது நம் ஊர் நோய் மட்டுமல்ல. பிரிட்டனில் அஞ்சல் நிறுவனம் ஹொரைசன் என்ற கணினிக் கணக்கு முறையைக் கொண்டுவந்தது. அது காட்டிய பொய்ப் பற்றாக்குறையை நம்பி, 1999 முதல் 2015 வரை 900-க்கும் மேற்பட்ட கிளை அஞ்சலக நடத்துநர்கள் திருடர்கள் என்று தண்டிக்கப்பட்டார்கள். முன்னாள் கிளை அஞ்சலக நடத்துநர் ஆலன் பேட்ஸ் தலைமையில் 555 பேர் வழக்குப் போட்டு, அந்தக் கணினி முறையில் பிழைகள் இருந்ததை 2019-இல் நிரூபித்தார்கள். சமரசத் தொகையாக 5 கோடியே 77 லட்சத்து 50 ஆயிரம் பவுண்டு வந்தது; அதில் பெரும்பகுதி வழக்குச் செலவுக்கே போய்விட்டது. அதன்பிறகு இழப்பீட்டுத் திட்டங்கள் வந்தன. அவற்றில் ஒன்றை நடத்தும் பொறுப்பு அதே அஞ்சல் நிறுவனத்திடமே இருந்தது. அடித்தவர் கையிலேயே காயத்தை அளக்கும் நாடாவும் இருந்தால் காயம் எத்தனை அங்குலம் இருக்கும்? நஷ்டப்பட்டவர்கள் பல ஆண்டுகளுக்கு முந்தைய தாள்களைத் தேடி அலைந்தார்கள். தொகை வந்து சேரும் முன்பே இறந்தவர்களும் உண்டு.

நம் பக்கம் இதே நோய் வேறு உருவத்தில் இருக்கிறது. திங்கட்கிழமை தர்மபுரி, கிருஷ்ணகிரி ஆட்சியர் அலுவலகங்களில் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. விடியற்காலைப் பஸ் பிடித்து வந்து, வரிசையில் நின்று, மனுவை ஆட்சியர் கையிலேயே கொடுத்துவிட்டுப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கொடுத்த நிம்மதி முகத்தில் தெரியும். அந்த மனுவின் பயணத்தைக் கவனியுங்கள். எண் போடப்படுகிறது, ஒப்புகைச் சீட்டு கிடைக்கிறது, சம்பந்தப்பட்ட துறைக்குப் போகிறது, அங்கிருந்து வட்ட அளவில் இறங்குகிறது, கடைசியில், எந்த மேசையின் மீது புகார் சொன்னோமோ அதே மேசைக்கு வந்து சேர்ந்து விடுகிறது. அந்த மேசையில் இருப்பவர் "விதிகளின்படி தொகை வழங்கப்பட்டுள்ளது" என்று ஒரு வரி எழுதினால் மனு முடிந்ததாகக் கணக்கு. ஆட்சியர் அலுவலகம் வரை போனது உண்மை. மேல்முறையீடு நடந்ததா என்றால், இல்லை.

மேல்முறையீடு என்றால் முடிவெடுத்தவர் அல்லாத இன்னொருவர், கோப்பைப் புதிதாகத் திறந்து, உங்கள் தரப்பையும் கேட்டு முடிவு செய்வது. அதனால் மனுவில் நயமாக ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: "இம்மனுவை மதிப்பீடு செய்த அலுவலர் அல்லாத வேறு அலுவலரைக் கொண்டு விசாரிக்கக் கேட்டுக்கொள்கிறேன்." கேட்டதெல்லாம் நடக்கும் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த வரி கோப்பில் ஏறிவிட்டால், பின்னால் நீதிமன்றம் வரை போக நேர்ந்தாலும் நீங்கள் முன்பே கேட்டீர்கள் என்பதற்குச் சாட்சியாக நிற்கும்.

நிலம் போனவர்களுக்கு இந்த இரண்டாவது ஆளைச் சட்டமே தந்திருக்கிறது. ஓசூர், சூளகிரிப் பக்கமோ அரூர்ப் பக்கமோ நிலம் எடுக்கிறோம் என்று நோட்டீஸ் வந்தால், முதலில் எந்தச் சட்டத்தின்கீழ் என்று பாருங்கள். மாநிலத் தொழில் தேவைக்கு 1997-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. தேசிய நெடுஞ்சாலைக்கு 1956-ஆம் ஆண்டுச் சட்டம்; அதில் தொகை போதாது என்றால் நடுவரிடம் போகலாம். 2014 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் மத்திய நில எடுப்புச் சட்டத்தில், 64-ஆவது பிரிவின்படி, தொகை குறைவு என்று ஆட்சியருக்கு எழுத்தில் மனு கொடுத்து, அதற்கென அமைக்கப்பட்ட ஆணையத்துக்கு விவகாரத்தை அனுப்பச் சொல்லலாம். தொகையை நிர்ணயித்தபோது நேரில் இருந்தவர்களுக்கு ஆறு வாரந்தான் கெடு. இதில் பலர் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. காசோலையோ வங்கி வரவோ வரும்போது "ஆட்சேபத்துடன் பெற்றுக்கொள்கிறேன்" என்று எழுதாமல் வாங்கிவிட்டால், அந்த மனுப் போடும் உரிமையே போய்விடும் என்று 77-ஆவது பிரிவு சொல்கிறது. மூன்று தலைமுறை உழுத நிலத்தின் விலை இந்த ஒரு வரியில் தொங்குகிறது. அந்த நேரத்தில் அதை எடுத்துச் சொல்ல பக்கத்தில் யாராவது இருக்க வேண்டும். இருப்பதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

யானை மிதித்த ராகிக்கு இத்தனை விரிவான சட்டப்படிகள் இல்லை. அங்கே நமக்குக் கைகொடுப்பது 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம். அதன் 4-ஆவது பிரிவில், ஒரு நிர்வாக முடிவால் பாதிக்கப்படுகிறவருக்கு அந்த முடிவின் காரணத்தை அலுவலகமே தெரிவிக்க வேண்டும் என்று இருக்கிறது. நாம் கேட்காமலே சொல்லியிருக்க வேண்டியது. சொல்லாதபோது கேட்கிறோம், அவ்வளவுதான். 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு எழுத வேண்டும். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ மழுப்பினாலோ அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு 30 நாளுக்குள். அங்கும் கிடைக்காவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு.

எழுதுகிற விதத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. "எங்களுக்கு ஏன் குறைத்தீர்கள்?" என்று எழுதினால், கருத்துக் கேட்கிறீர்கள் என்று தட்டிக்கழிக்க இடம் கொடுத்துவிடுகிறோம். கோப்பில் இருக்கும் தாளைக் கேட்க வேண்டும். பெரியம்மாவுக்காக நான் எழுதியதை அப்படியே தருகிறேன்:

"இன்ன கிராமம், இன்ன புல எண்ணில் இன்ன தேதியில் நடந்த பயிர்ச் சேதம் தொடர்பாக, (1) நேரில் பார்வையிட்டுத் தயாரித்த அறிக்கையின் நகல், (2) சேதப் பரப்பும் தொகையும் கணக்கிட்ட தாளின் நகல், (3) தொகை நிர்ணயத்துக்கு அடிப்படையான அரசாணையின் நகல், (4) அதே தேதியில் அதே கிராமத்தில் சேதமடைந்த புல எண்கள், ஒவ்வொன்றுக்கும் கணக்கிடப்பட்ட பரப்பு, வழங்கிய தொகை ஆகிய விவரம், (5) என் விண்ணப்பம் எந்தெந்தத் தேதியில் எந்தப் பதவியில் உள்ளவரின் பார்வைக்குச் சென்றது என்பதைக் காட்டும் கோப்புப் பக்கங்களின் நகல்."

நான்காவதில் ஆட்களின் பெயரைக் கேட்கவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். பெயர் கேட்டால் தனிநபர் தகவல் என்று மறுக்கலாம். புல எண்ணும் பரப்பும் தொகையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஒப்பிடுவதற்குப் போதும்.

அடுத்தது விளைவு, அதாவது தவறினால் யார் சுமப்பது. அரசு இழப்பீட்டைத் தவறாகக் கொடுத்து, நீதிமன்றம் வட்டியோடு கொடுக்கச் சொன்னால், வட்டி எங்கிருந்து போகிறது? நம் வரிப்பணத்திலிருந்து. தவறு செய்தவர் சம்பளத்தில் ஒரு காசு குறைவதில்லை. 1993-இல் லக்னோ மேம்பாட்டு ஆணையம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை நேராகப் பேசியது: மக்களை வேண்டுமென்றே அலைக்கழித்ததற்கான இழப்பீட்டை முதலில் பொதுப்பணத்திலிருந்து கொடுத்துவிட்டு, பிறகு காரணமான அலுவலர்களிடமிருந்து வசூலிக்க வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்திலும் இதன் நிழல் இருக்கிறது. காரணமின்றித் தகவலைத் தாமதப்படுத்தும் அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் வரை அபராதம். அது அவர் சொந்தப் பொறுப்பு.

இதற்கு மிகக் கனமான உதாரணம் தர்மபுரி மாவட்டத்திலேயே இருக்கிறது. வாச்சாத்தி மலைவாழ் மக்கள்மீது 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் நடத்திய வன்கொடுமையில் 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கப்பட்டார்கள். 2011-இல் தர்மபுரி நீதிமன்றம், உயிரோடு இருந்த 215 குற்றவாளிகளையும் தண்டித்தது. 2023 செப்டம்பர் 29 அன்று அந்தத் தண்டனையை உறுதிசெய்த சென்னை உயர் நீதிமன்றம், அந்தப் பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் கொடுக்க அரசுக்கு உத்தரவிட்டு, அதில் பாதியைப் பாலியல் வன்முறைக் குற்றவாளிகளிடம் வசூலிக்கச் சொன்னது. அப்போதைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் ஆகியோர் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னது. பயிர்ச் சேதத்தையும் அந்தக் கொடுமையையும் ஒரே தட்டில் வைக்க நான் துணியமாட்டேன். ஆனால் தவறினால் யார் சுமப்பது என்ற கேள்விக்கு அந்த உத்தரவில் மூன்று விடைகள் இருக்கின்றன: அரசு கொடுக்க வேண்டும், செய்தவர் பங்கு போட வேண்டும், மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவரும் பதில் சொல்ல வேண்டும். அதற்கு அந்த மக்கள் 31 ஆண்டுகள் காத்திருந்தார்கள் என்பதை நினைத்தால் மனம் கனத்துப்போகிறது.

தணிக்கைத் துறையும் சட்டமன்றத்தின் பொதுக் கணக்குக் குழுவும் திட்டங்களின் செலவை ஆராய்ந்து கேள்வி கேட்கின்றன. அவை தேவைதான், தனி ஒருவரின் கொல்லை வரைக்கும் அவை வந்து சேர்வதில்லை. உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை (ரிட்) மனுப் போடலாம். நம் இரண்டு மாவட்டத்துக்கும் அது சென்னையில்தான். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார் என்பது பலருக்குத் தெரியாது. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக் குழுவில் கேட்க வேண்டும். ஆனால் நீதிமன்றம் பல நேரம் "இன்ன தேதி மனுவை இத்தனை வாரத்துக்குள் பரிசீலியுங்கள்" என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்ளும். அதில் பதில் கிடைக்கும். பணம் கிடைக்கும் என்று நம்பிவிடக் கூடாது. அதனால்தான் முதல் காகிதம் சரியாக இருக்க வேண்டும் என்று ஊரில் எல்லோரிடமும் படித்துப் படித்துச் சொல்கிறேன்.

பெரியம்மாவின் மனுவுக்கு 30 நாளில் பதில் வரவில்லை. மேல்முறையீட்டுக்குப் பிறகு வந்தது. பழுப்புக் கவரில் ஏழு தாள். கணக்குத் தாளைப் பெரியம்மா வீட்டுத் திண்ணையில் விரித்து, நான் வாசிக்க அவர் கேட்டார். பக்கத்துப் புல எண்ணுக்கு நேரே 60 சென்ட். இவருடையதற்கு நேரே 20 சென்ட். குறிப்பு என்ற கட்டத்தில் "கூட்டுப் பட்டா, மூவர்" என்று இருந்தது. பெரியப்பா இறந்த பிறகும் பட்டாவில் அவர் பெயரும் அவருடைய இரண்டு தம்பிகள் பெயரும் சேர்ந்தே கிடந்தன. நிலம் பாகம் பிரிந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. அந்த 60 சென்டில் உழுததும் விதைத்ததும் பெரியம்மா ஒருவர். அடங்கலில் அது பதிவாகியும் இருந்தது. அளக்க வந்தவர் அடங்கலைப் பார்க்காமல் பட்டாவைப் பார்த்து மூன்றால் வகுத்துவிட்டார்.

"இதைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே தம்பிமார் இருவரையும் கூட்டிக்கொண்டு போய்க் கையெழுத்துப் போட வைத்திருப்பேனே" என்றார் பெரியம்மா. அவருக்குக் கோபம் வந்ததை அன்றுதான் முதல்முறை பார்த்தேன்.

அடங்கல் நகல், கொழுந்தனார்கள் இருவரின் ஆட்சேபணையில்லாக் கடிதம், வாரிசுச் சான்று எல்லாம் சேர்த்து மறுமதிப்பீடு கேட்டோம். மீதித் தொகை வந்து சேர்ந்தபோது அடுத்த ராகி விதைத்தாகிவிட்டது. பட்டா மாறுதலுக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறார். போன ஐப்பசியில் மறுபடி யானை வந்தது. நான் போய்ச் சேர்வதற்குள் பெரியம்மா பக்கத்து வீட்டுப் பையனின் கைபேசியை வாங்கிப் படம் எடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு படத்திலும் சாய்ந்த கதிரோடு எல்லைக்கல்லும் தெரிய வேண்டும் என்று, அவனைத் தள்ளி நிற்கச் சொல்லிக் கையைக் காட்டிக்கொண்டிருந்தார்.